பாம்புத் தோலை விட்டுவிட்டு விஷத்தைப் பிடித்தவர்கள்: வடநெம்மேலியில் ஒரு வியாபாரப் பாடம்

தொழிலதிபர் ஆவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. ரயில்வே ஸ்டேஷன் கடையில் நின்று நாலு புத்தகத்தைப் புரட்டினால் போதும். ஏடனில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த அம்பானி, கல்லூரியைப் பாதியில் விட்ட பில் கேட்ஸ், கார் ஷெட்டில் கம்ப்யூட்டர் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ்... எல்லாப் புத்தகத்திலும் இதே ஆட்கள், இதே கதைகள். படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். படித்து முடித்ததும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவோம். ஏனென்றால் அந்தக் கதைகளில் வரும் எதுவும் நம் ஊரில் நடந்ததில்லை.

நம் ஊரில் நடந்த ஒரு கதை இருக்கிறது. அதை மட்டும் எந்தப் புத்தகமும் சொல்வதில்லை!

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி என்று ஒரு ஊர் வரும். முதலைப் பண்ணை என்றால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பஸ்ஸை நிறுத்தி, முதலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படியே கடற்கரைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அந்த முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இன்னொரு சின்ன இடம் இருக்கிறது. தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். உள்ளே வரிசையாக மண் பானைகள், வாய்க்குத் துணி கட்டியிருக்கும். ஒவ்வொரு பானைக்குள்ளும் ஒரு விஷப் பாம்பு. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கம் என்பது அந்த இடத்தின் பெயர். 1978ல் பதிவு செய்யப்பட்டது. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி பல வருடங்களாக இந்தப் பானைகளில் இருந்துதான் போகிறது.

ஒரு நாட்டுக்கே முக்கியமான மூலப்பொருளைக் கிட்டத்தட்ட தனி ஆளாகச் சப்ளை செய்யும் நிறுவனம். பெரிய கம்பெனி என்றால் இதைச் சொல்லிச் சொல்லியே ஷேர் மார்க்கெட்டில் விலையை ஏற்றியிருப்பார்கள். இங்கேயோ நாலு ஓலைக் கூரை, கொஞ்சம் பானை.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

செங்கல்பட்டு, திருப்போரூர், மாமல்லபுரம் வட்டாரத்து இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது தாத்தா காலத்துத் தொழில். வயல் வரப்பில் நடந்து போகும்போதே மண்ணில் இருக்கும் கோட்டைப் பார்த்து, பாம்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வளை வாயில் கிடக்கும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் பார்த்தால், உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று தெரிந்துவிடும். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான் முதலீடு.

பிடித்த பாம்பை என்ன செய்தார்கள்? தோலை உரித்து வியாபாரியிடம் கொடுத்தார்கள். அந்தத் தோல் பதனிடப்பட்டு, கப்பல் ஏறி, ஐரோப்பாவில் கைப்பையாகவும் செருப்பாகவும் மாறியது. அங்கே அதன் விலை என்ன, இங்கே இவர்கள் கைக்கு வந்தது என்ன என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும். ஆனாலும் அடுப்பு எரிந்தது.

1972ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. சட்டம் சரியானதுதான், அதில் சந்தேகமே இல்லை. லட்சக்கணக்கில் பாம்புகள் செத்துக்கொண்டிருந்தன. பாம்பு குறைந்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும். ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது, ஒரு சமூகத்தின் பிழைப்பு ஒரே நாளில் குற்றமாக மாறியது என்பதும் உண்மைதானே? நேற்றுவரை வேலைக்குப் போனவன், இன்று அதே வேலைக்குப் போனால் கைதி.

இந்த இடத்தில் மேனேஜ்மெண்ட் படிப்பவர்கள் கோடாக் கம்பெனி கதையைச் சொல்வார்கள். டிஜிட்டல் கேமராவை 1975லேயே தன் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டு, ஃபிலிம் வியாபாரம் கெட்டுவிடுமோ என்று தயங்கித் தயங்கி, கடைசியில் 2012ல் திவால் மனு கொடுத்த கம்பெனி அது. நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடாக்குக்கு யோசிக்க முப்பது வருடம் அவகாசம் இருந்தது, வங்கியில் பணம் இருந்தது, ஆயிரக்கணக்கில் இன்ஜினியர்கள் இருந்தார்கள். இருளர்களுக்கு? கோடாக்கையும் இருளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரிடம் இருந்து கற்றுக்கொள்வது என்று புரியும்.

அப்போது இவர்களோடு சுற்றிக்கொண்டிருந்தவர் ராமுலஸ் விட்டேகர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர், கிண்டி பாம்புப் பண்ணையையும் 1976ல் முதலைப் பண்ணையையும் உருவாக்கியவர். பாம்பு பற்றி இருளர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட ஆய்வாளர்களுக்குத் தெரியாது என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அவரும் அவரோடு இருந்த சிலரும் இருளர்களும் சேர்ந்து யோசித்ததன் விளைவுதான் இந்தச் சங்கம். சங்கம் என்றால் நாலு பேர் கூடி டீ குடிக்கும் சங்கம் இல்லை. தமிழக அரசின் தொழில் வணிகத் துறையின் கீழ் முறையாகப் பதிவான தொழிற்கூட்டுறவு சங்கம்.

அவர்கள் செய்த மாற்றம் என்ன? யோசித்துப் பார்த்தால் ரொம்பச் சின்ன மாற்றம். காட்டுக்குப் போவது அதேதான், வளையைத் தோண்டுவது அதேதான், பையில் போடுவதும் அதேதான். பைக்குள் போனதற்கு அப்புறம் நடப்பதுதான் வேறு.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு வகைதான் இவர்கள் பிடிப்பது. பிடித்து வரும் உறுப்பினருக்குப் பாம்பின் வகையைப் பொறுத்து சங்கம் விலை கொடுக்கிறது. பாம்பு பானைக்குள் போகிறது. கிட்டத்தட்ட மூன்று நாலு வாரம் அங்கே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய மெல்லிய படலத்தைக் கடிக்க வைப்பார்கள். விஷம் குடுவைக்குள் இறங்கும். நாலு முறை எடுத்தபின் வயிற்றுப்பக்கச் செதிலில் ஒரு சின்ன அடையாளம் வெட்டிவிட்டு, பாம்பைக் காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருக்கும்வரை அதே பாம்பை மறுபடி பிடிக்கக் கூடாது. எடுத்த விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, கிராம் கணக்கில் மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறார்கள்.

கம்பெனிக்காரர்கள் அந்தப் பொடியைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசி போடுவார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் விஷமுறிவு மருந்து. செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடுகிறார்களே, அதே மருந்துதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தோல் வியாபாரத்தில் ஒரு பாம்பு ஒரே ஒரு தடவை பணம் தரும், அத்தோடு செத்துப்போகும். விஷ வியாபாரத்தில் அதே பாம்பு நாலு தடவை பணம் தருகிறது, பிறகு உயிரோடு வயலுக்குத் திரும்பிப் போய் எலி பிடிக்கிறது, குட்டியும் போடுகிறது. முன்பு பாம்பு மூலப்பொருளாக இருந்தது, இப்போது அது முதல். முதலைத் தின்னாமல் வட்டியில் பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். எம்.பி.ஏ. வகுப்பில் மூன்று செமஸ்டர் எடுத்துச் சொல்வதை மண் பானையை வைத்துக்கொண்டு செய்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் முக்கியம். தோல் போனதும், 'நம் தொழில் போச்சு' என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இவர்கள் விற்றுக்கொண்டிருந்தது உண்மையில் தோலே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாம்பைக் கண்டுபிடிக்கும் அறிவைத்தான் விற்றார்கள், அதன் மேல் தோலைச் சுற்றிக் கொடுத்தார்கள். தோலைத் தடை செய்ய முடியும், அறிவைத் தடை செய்ய முடியாது.

இது வெறும் வார்த்தை அலங்காரம் என்று நினைப்பவர்கள் 2017 ஜனவரியில் நடந்ததைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த முயல், மான் என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய வருடம் அரசாங்கமே போட்டி வைத்து, ஆயிரம் பேர் கலந்துகொண்டு, ஒரு மாதத்தில் பிடித்தது 106 பாம்பு. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் மொழிபெயர்ப்பாளர்களோடு வரவழைத்தார்கள். புது மண், புது செடி, புது பாம்பு. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 13 மலைப்பாம்பு! அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு, பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் ஒளிந்திருந்தது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஒரு பாம்பில் பத்தில் ஒரு பங்கு, இவர்கள் இருவருக்கு 13. அவர்கள் பத்து மடங்கா நூறு மடங்கா என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

தன்னம்பிக்கைப் புத்தகம் என்றால் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். பத்மஸ்ரீ வாங்கியாச்சு, சுபம். ஆனால் உண்மையான வியாபாரப் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அது அவ்வளவு இனிப்பானதும் இல்லை.

இவ்வளவு திறமை, இவ்வளவு தேவை. சங்கத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020ல் வெளியான ஒரு ஆய்வு மதிப்பிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000 பேர். அதாவது சரக்குக்குத் தேவை குறையப் போவதில்லை. பொருளாதாரப் பாடப்புத்தகப்படி பார்த்தால் இந்த முந்நூறு பேரும் இந்நேரம் கார் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்களா? மாமல்லபுரம் வட்டாரத்து இருளர் குடியிருப்புகளை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

ஏன்?

முதல் காரணம் அனுமதி. ஒவ்வொரு தடவையும் எத்தனை பாம்பு பிடிக்கலாம், எந்தெந்த வகை பிடிக்கலாம் என்று வனத்துறை சொல்ல வேண்டும். பாம்புகளைக் காப்பாற்ற அது அவசியம்தான். ஆனால் ஃபைல் ஒரு மேஜையில் நாலு மாதம் தூங்கினால், முந்நூறு வீட்டில் நாலு மாதம் வருமானம் இல்லை. ஒரே ஒரு கையெழுத்தை நம்பி நிற்கும் தொழில், எவ்வளவு பெரிய தொழிலாக இருந்தாலும் ஒற்றைக் காலில் நிற்கும் தொழில்தான்.

இரண்டாவது, வாங்குபவர்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யும் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விற்பவர் ஒருவர், வாங்குபவர்கள் நாலைந்து பேர் என்றால் விற்பவருக்குத்தான் கிராக்கி என்று தோன்றும். ஆனால் அந்த மருந்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலைக்கட்டுப்பாடு உண்டு. ஏழைகளுக்கு மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் மேலே விலையைக் கட்டினால் அந்த அழுத்தம் கீழே கீழே இறங்கி, கடைசியில் பாம்பு வளைக்குள் கைவிடுபவன் தலையில்தான் வந்து உட்காரும். வயலில் வேலை செய்யும் ஏழைக்கு மருந்து மலிவாகக் கிடைக்க, இன்னொரு ஏழை குறைந்த கூலிக்கு உயிரைப் பணயம் வைக்கிறான். இடையில் இருப்பவர்கள் யாருக்கும் பாம்பு கடிப்பதில்லை.

'அப்படியானால் சங்கமே மருந்தையும் தயாரிக்கலாமே?' என்று கேட்கத் தோன்றும். கேட்பது சுலபம். குதிரை லாயம், ஆய்வுக்கூடம், மருந்துக் கட்டுப்பாட்டு உரிமம் என்று கோடிக்கணக்கில் வேண்டும். கோடி இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய்த் திட்டமாக 2012ல் மத்திய அரசு அனுமதித்த தடுப்பூசி வளாகம், 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் நாடே ஊசிக்கு அலைந்தபோது ஒரு ஊசிகூடப் போடாமல் சும்மா நின்றது. கட்டடம் வேறு, தொழில் வேறு! மண் பானையில் நடக்கும் தொழில் ஓடிக்கொண்டிருக்க, கோடிகளில் கட்டியது பூட்டிக் கிடந்தது. சிரிப்பதா அழுவதா?

மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பாம்பின் விஷம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்காது. தமிழ்நாட்டுக் கண்ணாடி விரியனுக்கும் வடக்கே இருக்கும் கண்ணாடி விரியனுக்கும் உருவம் ஒன்று, விஷத்தின் சேர்மானம் வேறு. 2019ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இப்போதைய மருந்து எல்லாப் பகுதிக்கும், எல்லா வகைப் பாம்புக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்று காட்டியது. இலங்கை ஆஸ்பத்திரிகளிலும் இந்திய மருந்தைத்தான் போடுகிறார்கள். அங்கே கடிக்கும் கோப்பி விரியனுக்கு இந்த மருந்தில் பதிலே கிடையாது. ஒரே இடத்து விஷத்தை நாடு முழுக்கக் கொடுக்கிறோமே என்ற கேள்வி வலுத்துவருகிறது. காட்டில் பிடித்து விட்டுவிடும் பாம்பைவிட, கூண்டில் நீண்ட நாள் வளர்த்துக் கண்காணிக்கும் பாம்பின் விஷம்தான் தரமானது என்று கேட்கும் நிபுணர்களும் இருக்கிறார்கள்.

வியாபாரமாகப் பார்த்தால் இது வாடிக்கையாளரிடம் இருந்து வரும் புகார். புகாரைக் கேட்டதும் இரண்டு மாதிரி நடந்துகொள்ளலாம். 'எங்கள் சரக்கைக் குறை சொல்லாதே' என்று கோபப்படலாம். கோடாக் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. இல்லையென்றால், இந்தப் புகாருக்குள் என்ன வேலை ஒளிந்திருக்கிறது என்று வளையைத் தோண்டுவதுபோலத் தோண்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அந்தந்த ஊர் விஷம் வேண்டும் என்றால், ஒவ்வொரு மாநிலத்திலும் பாம்பு பிடிக்க, பானையில் வைக்க, பத்திரமாக விஷம் எடுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்த வித்தை தெரிந்த சங்கம் நாட்டில் எங்கே இருக்கிறது? ஃபுளோரிடாவில் இரண்டே வாரத்தில் புதுக்காடு பழகியவர்களுக்கு ராஜஸ்தானும் வங்காளமும் பழகாதா?

சங்கத்தை மட்டும் நம்பாமல் வேறு வழி பார்த்தவர்களும் இதே மக்களில் இருக்கிறார்கள். செங்கல்பட்டு பக்கம் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986ல் தொடங்கியது. மூலிகை, நாற்றுப் பண்ணை, மரம் வளர்ப்பு என்று அவர்கள் வழி வேறு. ஆண்கள் பாம்பைத் தேடிப்போன அதே காட்டில் பெண்கள் செடியைத் தேடியிருக்கிறார்கள். எந்தச் செடி எதற்கு மருந்து என்பதும் பரம்பரையாக வந்த அறிவுதான். ஒரே அனுமதியை நம்பி நிற்கும் குடும்பத்துக்கு இது இரண்டாவது கால். 'எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே' என்று முதலீட்டு ஆலோசகர்கள் சொல்லிக்கொடுக்கும் முன்பே இந்தப் பெண்கள் செய்துவிட்டார்கள்.

அடுத்த தலைமுறை இந்தத் தொழிலுக்கு வருமா என்பது தனிக் கேள்வி. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதில் என்ன தப்பு? கட்டு விரியனைக் கையில் பிடிப்பது வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத்தான் வீர சாகசம். இந்தக் கலை அழியக் கூடாது என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்பவர்கள், அந்தக் கலைக்கு என்ன சம்பளம் தருவது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2024ல் மத்திய அரசு பாம்புக்கடிக்கு என்றே ஒரு தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள் சாவுகளைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதே வருடம் தமிழ்நாடு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இனி நல்ல மருந்து அதிகம் வேண்டும், அதற்கு வேறு வேறு ஊர்களில் இருந்து நல்ல விஷம் வேண்டும். புது விஷ மையங்கள் வந்தால் அங்கே இருளர்கள் யாராகப் போவார்கள்? பயிற்சி கொடுத்துவிட்டு தினக்கூலி வாங்கிக்கொண்டு திரும்பி வருபவர்களாகவா, பங்குதாரர்களாகவா? 1978ல் தோல் வியாபாரியை விலக்கிவிட்டு சங்கம் பதிந்தபோது கேட்டதும் இதே கேள்விதான்.

மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து மணலில் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிப்பார்கள். அடுத்த மாசி மகத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள், கடற்கரைக் கோயிலை போட்டோ எடுத்த கையோடு அவர்களிடமும் கொஞ்சம் பேசிப் பாருங்கள். தொழில் தொடங்குவது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், இந்த வருடம் எத்தனை பாம்புக்கு அனுமதி வந்தது என்றும் கேளுங்கள்.